வெள்ளைக் கோட்டுப் பையில் குளுக்கோஸ்: மெடிக்கல் படிப்பு, உடம்பு, வீடு – கேள்வி பதில்

பள்ளிக்கூட நாளிலேயே எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் வந்துவிட்டது. இன்சுலின் போட்டுக்கொண்டேதான் சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்தேன். எம்.டி. படிக்கும்போது மகள் பிறந்தாள். இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அக்கா, நான் முதலாமாண்டு. எனக்கும் டைப் 1. தாம்பரத்திலிருந்து தினமும் ரயில். டிசெக்‌ஷன் ஹாலில் நின்றால் கை நடுங்குகிறது. வெளியே சொன்னால் "இவளால் முடியுமா" என்று பேசுவார்களோ?

பேசுவார்கள். இருந்தாலும் சொல்லிவிடு. நான் சொல்லாமல் இருந்து பட்டவள். ஒருநாள் சுகர் இறங்கி டிசெக்‌ஷன் டேபிள் ஓரத்திலேயே சுருண்டு விழுந்தேன். பிணம் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் நாற்றத்தில் மயங்கிவிட்டாள் என்று வராண்டாவில் கிடத்தி ரெக்கார்டு நோட்டால் விசிறினார்கள். அத்தனை பேரும் நாளைய டாக்டர்கள். ஒருவருக்கும் சுகர் பார்க்கத் தோன்றவில்லை! அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, நான்தான் சொல்லவில்லையே. மறுநாளே டேபிளில் இரண்டு பேரிடம் சொன்னேன்.

கோட்டுப் பையில் குளுக்கோஸ் பொடி எப்போதும் இருக்கட்டும். சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன். 15 நிமிடம் கழித்து மறுபடி பார். இன்சுலின் பேனா இருக்கும் பையை ரயில் ஜன்னலோர வெயிலில் வைக்காதே. மே மாதத்தில் மருந்து கெட்டுப்போனால் பல நேரம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. சுகர் ஏறும்போதுதான் தெரியும்.

டெங்கு வந்து மூன்று வாரம் போய்விட்டது. மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்தால் அட்டெண்டன்ஸ் கிடைக்குமா?

அப்படி நம்பி உட்கார்ந்துவிடாதே தம்பி. தியரிக்கு 75, பிராக்டிகலுக்கும் கிளினிக்கலுக்கும் 80 சதவீதம் வேண்டும். போன லெக்சரை நண்பனின் நோட்டைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம், வார்டில் பார்க்காத நோயாளியை எந்த நோட்டிலும் பார்க்க முடியாது. திரும்பி வந்த முதல் நாளே கடிதத்தோடு யூனிட் சீஃபைப் பார். "அட்டெண்டன்ஸ் போடுங்க சார்" என்று நிற்காமல், "சாயங்கால வார்டுக்கு வரட்டுமா சார்" என்று கேள்.

என் மகனுக்கு வலிப்பு நோய், மூன்றாமாண்டு படிக்கிறான். நைட் டூட்டி வந்தால் என்ன ஆகும்? சொந்தக்காரர்கள் படிப்பை நிறுத்தச் சொல்கிறார்கள்.

அம்மா, சொந்தக்காரர்கள் பேசுவதை விடுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதுதான் பெரிய ஆபத்து. படிப்பு முடிந்து ஹவுஸ் சர்ஜனாகும்போது, நியூராலஜி டாக்டரிடம் எழுதி வாங்கிய கடிதத்தைக் காட்டி நைட் டூட்டியைப் பகலுக்கு மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். பதிலுக்கு ஞாயிறும் தீபாவளியும் அவன் பார்க்கட்டும்; நண்பர்கள் சந்தோஷமாக மாற்றிக்கொள்வார்கள். பரீட்சை நேரத்தில் "தூக்கம் வருது" என்று மாத்திரையை நிறுத்தும் பிள்ளைகள் உண்டு, அதைக் கவனியுங்கள். பைக் சாவி உங்களிடமே இருக்கட்டும். ஒரு வருடம் தள்ளிப்போனாலும் குடி முழுகிவிடாது. 2023 விதிப்படி, சேர்ந்ததிலிருந்து 9 ஆண்டு வரை அவகாசம் உண்டு.

பி.ஜி. இரண்டாமாண்டு, கைக்குழந்தை. தாய்ப்பாலை எடுத்து வைக்க இடமில்லை. மாமியாரிடம் உதவி கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

நான் வார்டு வாக்ஸின் ஃப்ரிட்ஜைத் திறந்தேன், சிஸ்டர் கையைத் தட்டிவிட்டார். அவர் செய்தது சரி, அதில் வேறெதுவும் வைக்கக் கூடாது. அப்புறம் அவரே தங்கள் தயிர்சாத டப்பாக்கள் இருந்த ஃப்ரிட்ஜில் ஓர் ஓரம் ஒதுக்கிக் கொடுத்தார். பிளாஸ்டர் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதி வைப்பேன். வெளியே நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்கு உள்ள கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு அதை நம்பாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோக ஐஸ் பேக் போட்ட பை வேண்டும்.

மாமியாரிடம் "கொஞ்சம் உதவி பண்ணுங்க அத்தை" என்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. "செவ்வாய், வெள்ளி ராத்திரி பாப்பா உங்ககிட்ட படுக்கட்டுமா அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள்.

தைராய்டு மாத்திரையைக் காலை காபியோடு போடலாமா?

கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியாவது கழித்து காபி.

காலையில் எழவே பிடிக்கவில்லை. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். எங்கள் காலேஜ் சைக்கியாட்ரி ஓ.பி.க்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள்.

அது சோம்பலாகத் தெரியவில்லை கண்ணா. கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே கேலியாக்கி வைத்த ஊர் இது, உன் பயம் நியாயம்தான். வேறு ஆஸ்பத்திரியில் பார், தப்பில்லை. அதற்கு முன் 14416-க்குப் பேசு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் நாளைக்கு என்று தள்ளாதே, இன்றைக்கே ஒருவரைக் கூட்டிக்கொண்டு கேஷுவாலிட்டிக்குப் போ.

வரன் பார்க்கிறார்கள். டைப் 1 இருப்பதைச் சொல்லிவிடட்டுமா?

சொல். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்த கையோடு, அவர்கள் முன்னாலேயே ஊசி போட்டவள் நான். இரண்டு குடும்பம் "போய் லெட்டர் போடுகிறோம்" என்று கிளம்பிவிட்டது. மூன்றாவதாக வந்த அம்மா கேசரித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எத்தனை யூனிட் போடறே? எனக்கு ராத்திரி பன்னெண்டு" என்றார். அவர்தான் இப்போது என் அத்தை.