நம்பிக்கை இல்லாமல் காந்தத் தூண்டல் சிகிச்சைக்குச் செல்லலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கிறேன், வயது 46. இரண்டு மருந்துகளை மாற்றியும் மனச்சோர்வு குறையாததால், காந்தத் தூண்டல் சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைக்கிறார். "நம்பினால்தான் அது பலிக்கும்" என்கிறார் என் கணவர். எனக்கு நம்பிக்கையே இல்லை. செலவழித்துச் செல்வதில் பயனுண்டா?

பதில்: உங்கள் கணவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு, அதை வைத்துச் சிகிச்சையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

இச்சிகிச்சையில், நெற்றியின் இடப்புறத்துக்குச் சற்று மேலே கம்பிச்சுருளை வைத்துக் காந்தத் துடிப்புகளைச் செலுத்துவார்கள். மரங்கொத்தி கொத்துவதுபோல் தலையில் தட்டுவது தெரியும். ஆய்வுகளில் ஒரு பிரிவினருக்கு அதே ஓசையெழுப்பும் போலிச் சுருளை வைப்பார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, அவர் நிலையை மதிப்பிடுபவருக்கும் தெரியாது. போலிச் சுருள் பெற்றவர்களிலும் பலருக்குச் சோர்வு குறைகிறது. வாரத்தில் ஐந்து நாள் வீட்டைவிட்டுக் கிளம்புவதும், அங்கே ஒருவர் அக்கறையோடு விசாரிப்பதும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் அதற்குக் காரணமாகலாம். ஆயினும் உண்மையான தூண்டலைப் பெற்றவர்களே சராசரியாக அதிகம் தேறுகிறார்கள். மனச்சோர்வுக்கான இச்சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2008-இல் அனுமதி கிடைத்தது.

எதிர்பார்ப்பால் வரும் பலனை வெறும் கற்பனை என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. இச்சிகிச்சையில் தூண்டப்படுவதும், அச்சத்தையும் துயரத்தையும் கட்டுப்படுத்த உதவுவதுமான அதே மூளைப்பகுதிக்கு, எதிர்பார்ப்பு பலிப்பதிலும் பங்கிருக்கிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், அப்பகுதியின் இயக்கத்தைக் காந்தத் துடிப்புகளால் தற்காலிகமாகக் குறைத்தபோது, போலிச் சிகிச்சையால் கிடைத்திருக்க வேண்டிய வலி நிவாரணம் மறைந்துபோனது.

எதிலும் நம்பிக்கை பிறக்காதிருப்பது மனச்சோர்வின் அறிகுறிகளுள் ஒன்று. நம்பிக்கை வந்தபின் சிகிச்சைக்குச் செல்லலாம் என்று காத்திருப்பது, காய்ச்சல் தணிந்தபின் மருந்து உண்பதற்கு ஒப்பாகும். உங்களிடம் நம்பிக்கையை வரவழைக்க யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. ஐயத்தோடே செல்லுங்கள், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மிகையான எதிர்பார்ப்பே எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனெனில் முன்னேற்றம் தெரியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதை அறியாதவர்கள் முதல் வாரத்திலேயே மனமுடைந்து நிறுத்திவிடக்கூடும்.

தலைவலியும் தட்டும் இடத்தில் வலியும் வரலாம். வலிப்பு மிக அரிது. முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, தலைக்குள் உலோகமோ செவிக் கருவியோ பொருத்தப்பட்டிருந்தாலோ கட்டாயம் தெரிவியுங்கள். செலவு குறித்து மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரிடம் கேளுங்கள். அடுத்த சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். அதற்கிடையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை எந்நேரமும் 1767 என்ற எண்ணில் அழைக்கலாம்.