நின்ற மரத்துக்கு விலை பேசாதீர்கள்

மரம், விறகு, கரி பற்றி நீங்கள் கேட்பவற்றுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுபவன், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் முப்பத்துநாலு வருடம் விறகுகாலையும் மரக்காலையும், அதாவது விறகும் மரமும் விற்கும் இடம், நடத்தியவன். இப்போது அந்தக் காலை மகனின் பொறுப்பில். என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு பேனையும் மரம் அளந்த பழைய நூலும்தான்.

கேள்வி: அப்பாவின் காணியில் வீடு கட்டப் போகிறோம். ஒரு வேம்பு, இரண்டு மா, ஒரு பலா, ஒரு புளி, வேலிக்கரையில் ஆறு பூவரசு, எல்லாம் தறிக்க வேண்டும். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தானே தறித்து ஏற்றிக்கொண்டு நாற்பதாயிரம் ரூபா தருவதாகச் சொல்கிறார். விறகுதானே, கொடுத்துவிடலாமா?
— வாசகி, உரும்பிராய்

பதில்: கொஞ்சம் பொறுங்கள், பிள்ளை. அந்த மனிதர் வளவுக்குள் வந்ததும் எந்த மரத்தைப் பற்றிப் பேசினார்? மாவைப் பற்றித்தான் பேசியிருப்பார். "உது கோறை, உள்ளே பொந்து; உது உளுத்தது" என்று குறை சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய கண் பலாவிலும் வேம்பிலும்தான் நின்றிருக்கும். நானும் அப்படித்தான் முப்பத்துநாலு வருடம் பேசினேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கிராம அலுவலர், அதுதான் விதானையாரிடம் போங்கள். 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் இருக்கின்றன. சொந்தக் காணியில் நின்றாலும் பலாவில் கை வைக்க அனுமதி எடுக்க வேண்டும். தறித்த மரத்தை ஏற்றிப்போகவும் பல மரங்களுக்குத் தனி அனுமதி உண்டு. "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்குபவர் சொன்னால், கடிதம் உங்கள் கைக்கு வந்த பிறகு வாள் வரட்டும். வழியில் மறித்தால் காணிக்காரர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இனி மரத்துக்கு வருவோம். நீங்கள் எல்லாவற்றையும் விறகு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கும் ஆள் வேறு. வேம்பைக் கறையான் லேசில் தொடாது. கதவு நிலைக்கும் யன்னலுக்கும் தச்சு வேலை செய்யும் ஓடாவிமார் அதைத் தேடுவார்கள். நீங்களே வீடு கட்டப் போகிறீர்களே, அந்த வேம்பை எதற்காக விற்க வேண்டும்? அரிந்து, நிழலில் சட்டம் வைத்து அடுக்கிவிடுங்கள். சுவர் எழும்பி முடிய நிலை காய்ந்திருக்கும். விற்ற காசு ஒரு நிலை வாங்கவும் காணாது.

பலாவின் அடிமரத்தில் கோறை இல்லாவிட்டால் இணுவில், அளவெட்டிப் பக்கம் தவில் கடைபவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தவிலின் கொட்டு ஒரே பலாத்துண்டைக் குடைந்து செய்வது. வெடிப்பும் முடிச்சும் இல்லாத துண்டு அவர்களுக்குக் கிடைப்பது லேசில்லை. மிச்சப் பலா தளபாடத்துக்குப் போகும்.

புளியின் பெரிய துண்டுகளை இறைச்சிக் கடைக்காரர் கொத்துக்கட்டைக்கு எடுப்பார். மற்றதெல்லாம் விறகு, ஆனால் முதல்தர விறகு. மா மட்டும் பொறுக்காது. தறித்துச் சில கிழமை மழையில் கிடந்தால் பலகையில் நீலம் பாய்ந்து, புழுவும் வைத்துவிடும். உடனே அரிந்தால் கொங்கிறீட் போட அடிக்கும் சட்டரிங் பலகைக்காவது ஆகும்.

பூவரசின் அடிமரம் வைரம் பாய்ந்திருந்தால் ஓடாவியிடம் காட்டுங்கள். கொப்புகளை விறகாக நறுக்கிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் பச்சையாக வெட்டினால் அது வேலிக்கு நட்டுத் தளிர்க்கவிடும் கதியால். வேலி அடைக்கிறவர் வீட்டுக்கே வந்து எடுத்துப்போவார். இலைக்கும் ஆள் உண்டு. உரும்பிராயில் இருந்துகொண்டு தோட்டக்காரருக்குக் குழை வேண்டாமா என்று நான் சொல்லித் தரவா? பூவரசங்குழை, வேப்பங்குழை பசளையாக மண்ணில் தாழ்க்காத தோட்டம் உங்கள் ஒழுங்கையில் இருக்காது.

பெரும்பாலும் காசு தொலைவது வாள் வைக்கும் இடத்தில்தான். மெசின் வாளுக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் பெட்டியில் ஏற்ற வசதியாக நாலடி, ஐந்தடியாகப் போட்டுவிடுவார். கதவு நிலை ஏழடி. ஏழரை அடியில் போட்டால் அது மரம், ஐந்தடியில் போட்டால் விறகு. சோக்கட்டியால் நீங்களே கோடு போட்டுக் கொடுங்கள்.

அளவு இப்படி: துண்டின் நடுவில் நூலைச் சுற்றி, அந்த நூலை நாலாய் மடியுங்கள். மடித்த நீளத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடிக்கணக்கில் நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் பிரித்தால் கனஅடி. சுற்று 60 அங்குலம், நீளம் 8 அடி என்றால் நாலில் ஒன்று 15, பதினைந்து பதினைந்து 225, எட்டால் பெருக்க 1800, 144ஆல் பிரிக்கப் பன்னிரண்டரைக் கனஅடி. உண்மையில் அந்த உருளையில் இருப்பது பதினாறுக்குக் கிட்ட. மிச்சம் பட்டைக்கும் அரிவுக் கழிவுக்கும் என்று வாங்குகிறவருக்கு விட்டுவிடுவது வழக்கம். அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சிலர் நூலை நுனிப்பக்கம் சுற்றுவார்கள். அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. சண்டைக் காலத்தில் உங்கள் வளவுப் பக்கம் செல் விழுந்ததா? ஒருமுறை நல்ல வேம்பொன்றை வாங்கி அரிவு ஆலைக்குக் கொண்டுபோனேன். பார்த்தால் பட்டையில் ஒரு தழும்பும் இல்லை. மூன்றாவது வரி அரியும்போது "கிறீச்" என்று ஒரு சத்தம். வாளை நிறுத்திப் பார்த்தால் பற்கள் வரிசையாகப் போயிருந்தன. மரத்துக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு செல் துண்டு, அதைச் சுற்றி மரம் மை ஊற்றியதுபோலக் கறுத்துக் கிடந்தது. பட்டை மூடி எத்தனையோ வருடம். வாளுக்கும் நான்தான் காசு கட்டினேன், வேம்பும் விறகாயிற்று. அன்றிலிருந்து மரம் வாங்க முன்னர் வீட்டிலிருக்கும் வயதுபோனவர்களிடம் கேட்பேன். உங்கள் வேலிக்கரைப் பூவரசுகளிலும் முட்கம்பி ஆணிகள் இருக்கும். கம்பி தைத்த உயரத்தைக் காட்டிவிடுங்கள். மறைத்து விற்றால் அடுத்த மரத்துக்கு ஆள் வரமாட்டான்.

இதெல்லாம் அலைச்சல்தான். அலைய நேரமில்லை என்றால் வேம்பையும் பலாவையும் விட்டு, மற்றதை மட்டும் அவருக்குக் கொடுங்கள். நாற்பதாயிரத்தில் அவர் எவ்வளவைக் குறைக்கிறார் என்று பாருங்கள், அவர் எதற்கு வந்தார் என்று அதிலேயே தெரியும்.

கேள்வி: ஐயா, என்னிடம் ஒரு லாண்ட்மாஸ்டர் இருக்கிறது. வளவுகளில் வெட்டும் கொப்புகளை வாங்கி விறகு வியாபாரம் செய்யலாம் என்று யோசிக்கிறேன். லாபம் வருமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: வரும் தம்பி, தண்ணீரை விலைக்கு வாங்காவிட்டால். பச்சை மரத்தில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர். ஆயிரம் கிலோ பச்சைக் கொப்பு வாங்கினால் மரம் ஐந்நூறுதான். அது நன்றாகக் காய்ந்து, ஐந்தில் ஒரு பங்கு ஈரம் நிற்கும்போது தராசில் 625 கிலோ காட்டும். பச்சையில் கிலோ பத்து ரூபாவுக்கு வாங்கியிருந்தால், காய்ந்ததைப் பதினாறுக்கு விற்றால்தான் முதல் வரும். டீசலும் பிளக்கும் கூலியும் அதற்கு மேல். அதனால் பச்சையை நிறுத்து வாங்காதீர்கள், லோட்டுக் கணக்கில் பேசுங்கள். பிளந்து, கீழே இரண்டு கட்டை வைத்து, காற்றுப் போக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். சுற்றிவரப் படங்கு கட்டி மூடினால் பூஞ்சணம்தான் மிஞ்சும். மாசியில் அடுக்கினால் ஆவணிக்கு விறகு. காய்ந்த கட்டை இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் "டங்" என்று கேட்கும், பச்சை "தொப்" என்னும்.

வாங்குகிறவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். வீடுகளை நம்பி இறங்க வேண்டாம். 2022இல் காஸ் இல்லாமல் சனம் சிலிண்டரோடு வரிசையில் நின்றபோது எங்கள் விறகுகாலையில் சுள்ளியும் மிஞ்சவில்லை. அதைப் பார்த்து உங்களைப் போலப் பலர் இறங்கினார்கள். காஸ் வந்ததும் அடுக்கிய விறகு அடுக்கியபடி கறையான் ஏறியது. மாறாமல் எடுப்பவர்கள் பாண் சுடும் போறணை வைத்திருக்கும் பேக்கரிக்காரர், கல்யாணச் சமையல்காரர், அன்னதானம் கொடுக்கும் கோயில் மடங்கள். போறணைக்குப் பருத்த கட்டை வேண்டும், சமையலுக்குக் கைப்பிடி அளவில் பிளந்தது. ஒரே குவியலில் இரண்டையும் கலந்து வைத்தால் இரண்டு பேருமே விலை குறைப்பார்கள். புளி, சவுக்கு, பாலை வந்தால் தனியே அடுக்குங்கள், அதற்கு வேறு விலை.

செத்தவீட்டுக்கும் விறகு கேட்டு வருவார்கள், அநேகமாக இரவில். அந்த விறகுக்கு அப்பா ஒருநாளும் விலை ஏற்றியதில்லை. நானும் ஏற்றவில்லை. மற்றபடி நான் பெரிய தருமவான் இல்லை.

கேள்வி: மரக்காலை ஒன்றில் மரத்தூள் சும்மா தருகிறார்கள். ஏதும் செய்யலாமா?
— வாசகி, சங்கானை

பதில்: காளான் வளர்ப்பவர்கள் தவிட்டோடு கலந்து பையில் அடைப்பதற்கு எடுப்பார்கள். மா மரத்தூள் என்றால் நல்லது, மருந்து அடித்த பலகையின் தூள் கூடாது. வீட்டுக்கு என்றால் மண்ணெண்ணெய் இல்லாத தொண்ணூறுகளில் நாங்கள் எரித்த தூள் அடுப்பைச் செய்து பாருங்கள். ஒரு பழைய தகர ரின்னின் அடிப்பக்கத்தில் வெட்டிய ஓட்டையால் ஒரு போத்தலைப் படுக்கவைத்து, இன்னொன்றை நடுவில் நிமிர்த்தி, சுற்றிவரக் காய்ந்த தூளைக் குத்தி இறுக்க வேண்டும். பிறகு இரண்டு போத்தலையும் திருகித் திருகி மெல்ல உருவினால் உள்ளே புகைபோக்கி மாதிரி வழி இருக்கும். கீழே சுள்ளி வைத்துக் கொளுத்தினால் இரண்டு நேரச் சமையலுக்குப் போதும். தூள் ஈரமென்றால் புகைதான் மிச்சம். உருவும்போது அவசரப்பட்டால் எல்லாம் இடிந்து விழும். என் மனைவியிடம் அதற்கு நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை.

கேள்வி: காற்றுக்கு எங்கள் முருங்கை விழுந்துவிட்டது. நல்ல பருத்த மரம். உங்கள் மரக்காலையில் எடுப்பீர்களா?
— வாசகர், கோண்டாவில்

பதில்: முருங்கை பருத்தால் தூணாகுமா என்று சும்மாவா கேட்டார்கள்? விறகுக்கும் ஆகாது. நல்ல கொப்பாய்ப் பார்த்து நாலைந்து அடியில் இரண்டு துண்டு வெட்டி, கிணற்றடியில் நட்டுவிடுங்கள். காய்த்தால் சொல்லியனுப்புங்கள், காயென்றால் எடுப்போம்.