வாத்துக் குஞ்சுக்கு முதல் மூன்று வாரம்: கேள்வி பதில்

கேள்வி: 50 கீரி ரக நாட்டு வாத்துக் குஞ்சு வாங்கியிருக்கேன், ஒரு நாள் வயசு. எத்தனை பல்பு போடணும்?

பதில்: 60 வாட் குண்டு பல்பு இரண்டு. ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது விடியும்வரை தாங்கும். எல்இடியில் வெளிச்சம் வரும், சூடு வராது. ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டு, 6 அடி விட்டத்துக்குத் தகடோ அட்டையோ வட்டமாக நிறுத்துங்கள். மூலை இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். குஞ்சின் முதுகு மட்டத்தில் முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு, பல்பை உயர்த்துங்கள். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. சித்திரை வெயிலில் பகலில் பல்பே வேண்டியதில்லை.

கேள்வி: ராத்திரி கரண்ட் போனா?

பதில்: வெந்நீர் பாட்டில்களைச் சாக்கில் சுற்றி நடுவில் வையுங்கள், ஆறினால் மாற்றுங்கள். மூடிய கொட்டகையில் கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். கரி எரியும்போது வரும் நச்சு வாயுவில் மொத்தமும் போய்விடும்.

கேள்வி: அண்ணே, நொய்க்கஞ்சி மட்டும்தான் கொடுக்கிறோம். பன்னிரண்டு நாளில் நாலைந்து குஞ்சு கால் வளைந்து உட்கார்ந்துவிட்டது. வாதமா?

பதில்: முட்டு வீங்கியிருக்கிறதா பாருங்கள். வீங்கியிருந்தால் பெரும்பாலும் நியாசின் என்ற பி வைட்டமின் குறைவு. கிலோ தீவனத்துக்கு வாத்துக் குஞ்சுக்கு 55 மில்லிகிராம் தேவை. கோழிக் குஞ்சுக்கு 35 இருந்தாலே போதும். தீட்டிய அரிசியில் அது மிகக் குறைவு, புரதமும் போதாது. 20 சதவீதம் புரதமுள்ள கோழிக் குஞ்சுத் தீவனம் வாங்கி, கிலோவுக்கு 50 கிராம் உலர்ந்த ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்டின் தூள்) கலந்து கொடுங்கள். ரொட்டிக்குப் போடும் உயிருள்ள ஈஸ்ட் இதற்கு ஆகாது. ஆரம்பத்திலேயே கொடுத்தால் தேறும். வளைந்து இறுகிய கால் நிமிர்வது கடினம். வீக்கமே இல்லாமல் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்தால் தரைதான் காரணம். செய்தித்தாள் வழுக்கும். முதல் சில நாள் சாக்கு விரித்து, பிறகு நெல் உமி போடுங்கள்.

கேள்வி: கடலைப் புண்ணாக்கு சேர்க்கலாமா?

பதில்: நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன். பூஞ்சை பிடித்த புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வரும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு, கோழி தாங்கும் அளவிலேயே வாத்துக் குஞ்சைக் கொன்றுவிடும். கண்ணுக்குப் பூஞ்சை தெரியாவிட்டாலும் நஞ்சு இருக்கலாம்.

கேள்வி: தீவனத்தை ஈரமா வைக்கலாமா? தண்ணி எவ்வளவு ஆழம்?

பதில்: ஈரமாக வைத்தால் விரும்பித் தின்னும். கால் மணி நேரத்தில் தீருகிற அளவே, நாளுக்கு நான்கைந்து தடவை. மிச்சத்தை எடுத்துவிடுங்கள், புளித்துவிடும். தீவனம் இருக்கும் நேரமெல்லாம் பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டையில் அடைக்கும். ஆழம் 5 சென்டிமீட்டர். அலகோடு மூக்குத் துளையும் நனைய வேண்டும், இல்லையென்றால் தீவனம் காய்ந்து மூக்கை அடைக்கும். ஏறிக் குளிக்காமலிருக்க உள்ளே கூழாங்கல் போடுங்கள். சிந்தும் தண்ணீர் உமியில் இறங்காமல், பாத்திரத்தைக் கம்பிவலை மூடிய தட்டின்மேல் வையுங்கள்.

கேள்வி: எப்ப குளத்தில் விடலாம்?

பதில்: வயிற்றில் இறகு மூடிய பிறகு, நான்கு வாரத்துக்கு மேல். கோழி அடைகாத்த குஞ்சுக்கும் இதே கணக்குதான். அதற்குமுன் நனைந்து நடுங்கினால் துணியால் ஒற்றி பல்புக்கடியில் விடுங்கள். சூடு ஏறி எழுந்து நடந்த பிறகு தீவனம் காட்டலாம்.