டிராஃப்டில் எடுத்த, இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத பையன்களை நம்பி அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள், ஒருவரையொருவர் ஏன் இப்படிக் கேலி செய்கிறார்கள்?

கேட்டவர் அமெரிக்காவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போயிருப்பீர்கள். காபி இயந்திரத்தின் பக்கத்தில் நான்கு பேர் நின்றுகொண்டு, முந்தைய இரவு தொலைக்காட்சியில் பெயர் வாசிக்கப்பட்ட இருபத்தொரு வயதுப் பையனைப் பற்றி, வீட்டுக்கு மாப்பிள்ளை அமைந்ததைப் போலப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். ஐந்தாவது ஆள் வந்து "அவனையா எடுத்தீர்கள்?" என்று கேட்டிருப்பார். எல்லோரும் சிரித்திருப்பார்கள். நீங்கள் கோப்பையோடு நகர்ந்து போய், இங்கே வந்து இந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். தவறாக இருந்தால் மன்னிக்கவும். 2009-இல் நான் அப்படித்தான் நகர்ந்து போனேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை 32 தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் மூன்று நாள் நிகழ்ச்சி. மொத்தம் ஏழு சுற்று. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் இடம், இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணிக்குக் கடைசி இடம். இந்த இடங்களை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். "இதென்ன கால்பந்து, கையில்தானே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: அந்தப் பெயர் எனக்கும் பிடிக்காது, நான் வைத்ததும் அல்ல. தலையில் அடிபட்டு மூளை கெடும் ஆட்டம் என்பவர்களோடும் சண்டை இல்லை. அது உண்மைதான். என் மகனை ஆட விடவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். விருதுநகர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோவிலில் சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் வாசிப்பார்கள். இந்த ஆண்டு மழை எத்தனை மரக்கால், எந்த ராசிக்கு ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு. தாத்தா மானாவாரி விவசாயி. போன வருடம் வாசித்த மழை பெய்யவில்லை என்பது அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. இருந்தும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய் உட்காருவார். திரும்பி வந்ததும் எத்தனை குறுக்கத்தில் பருத்தி, எத்தனை குறுக்கத்தில் உளுந்து என்று பாட்டியிடம் சண்டை போடுவார். டிராஃப்ட் நடப்பதும் சித்திரையில்தான். அது முடிந்த மறுநாளே விளையாட்டு நிருபர்கள் ஒவ்வொரு அணிக்கும் மதிப்பெண் போட்டுவிடுவார்கள். ஒரு பந்துகூட வீசப்பட்டிருக்காது. ஆனால் ஆதாயம் 11, விரயம் 5 வந்துவிடும். ரசிகன் அதைப் பொய் என்று தெரிந்தேதான் வாசிக்கிறான். இதில் உங்களுக்கு என்ன புரியவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

நான் டெட்ராய்ட் புறநகருக்கு வந்தது 2008 செப்டம்பரில், ஒரு கார் உதிரிபாக நிறுவனத்துக்கு. வந்த நேரம் அப்படி. கார்த் தொழிலே ஆடிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு மேசை காலியாகும். ஊர் அணியான லயன்ஸ் அந்தப் பருவத்தில் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அதற்குப் பரிசாகத்தான் அடுத்த ஏப்ரலில் முதல் இடம் கிடைத்து, மேத்யூ ஸ்டாஃபோர்ட் என்ற குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) எடுத்தார்கள்.

எங்கள் மெஷின் ஷாப்பில் ஒரு பெரியவர் இருந்தார். முப்பது வருடம் லேத்தில் நின்றவர். அடுத்த திங்கட்கிழமை காலையில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! எனக்கு ஆட்டத்தின் அரிச்சுவடிகூடத் தெரியாது. மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு ஸ்தல புராணமே சொன்னார். 2003-இல் சார்லஸ் ராஜர்ஸ், 2004-இல் ராய் வில்லியம்ஸ், 2005-இல் மைக் வில்லியம்ஸ் என்று தொடர்ந்து மூன்று ஆண்டு முதல் சுற்றில் வைட் ரிசீவர்களாகவே (வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர்கள்) எடுத்தும் அணி தேறாத கதை. "மூன்று பேரையும் நம்பினீர்களா?" என்று கேட்டேன். "மூன்று பேரையும்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பாதிப் பேருக்கு வேலை நிலைக்குமா என்று தெரியாத அந்த வசந்தத்தில் ஓர் ஆள் அப்படிச் சிரித்ததை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. நான் லயன்ஸ் ரசிகனானது அன்றுதான். ஆட்டத்தைப் பார்த்து ஆனதல்ல.

கேலியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பிரிவில் விஸ்கான்சின்காரர் ஒருவர் உண்டு. கிரீன் பே பேக்கர்ஸ் வெறியர், மஞ்சள் பாலாடைக்கட்டி வடிவத் தொப்பியை மேசையிலேயே வைத்திருப்பவர். பேக்கர்ஸ் அணி தனி முதலாளி இல்லாதது. சாதாரண மக்கள் பங்குகள் வாங்கிச் சொந்தம் கொண்டாடுவது. அந்த அணி 2002-க்குப் பிறகு முதல் சுற்றில் ஒரு வைட் ரிசீவரைக்கூட எடுக்காமலே காலத்தை ஓட்டியது. பெரியவர் ஒவ்வோர் ஏப்ரலிலும் அவரிடம் போய், "இத்தனை ஆயிரம் முதலாளிகள் சேர்ந்தும் ஒரு ரிசீவர் வாங்கக் காசு சேரவில்லையா?" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்பார். 2025-இல்தான் மேத்யூ கோல்டனை எடுத்து அந்தக் கணக்கை முடித்தார்கள். அதுவும் டிராஃப்ட் கிரீன் பேயிலேயே நடந்த ஆண்டில். சிகாகோ பெண்மணி ஒருவரும் இருக்கிறார். அவருடைய பேர்ஸ் அணி 2017-இல் இரண்டாவது இடத்தில் மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தது. பின்னாளில் பெரும் நட்சத்திரமான பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாவது இடம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவை மட்டும் யாரும் கேலி செய்வதில்லை. வெந்த புண் அது. இன்னொன்று, எங்கள் அலுவலகத்தில் எடுத்த அணியைத்தான் கிண்டல் செய்வார்கள், எடுக்கப்பட்ட பையனை அல்ல. இணையத்தில் அப்படியில்லை என்று எனக்கும் தெரியும்.

டிராஃப்ட் நாளன்று மதியம் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவோம். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பதினைந்து வருடமாக என் பெயருக்கு நேராக "சமோசா" என்று எழுதி வைக்கிறார்கள். யாரும் கேட்பதில்லை. நான் விருதுநகர்க்காரன். எங்களுடையது எண்ணெய்ப் புரோட்டா, காராச்சேவு, சீரணி மிட்டாய். சமோசா எனக்கும் அவர்களுக்கும் சம தூரம். ஒரு வருடம் வீம்புக்கு உளுந்த வடை கொண்டுபோனேன். "காரமான டோனட்" என்று ஒருவர் சிலாகித்தார், மற்றொருவர் சமோசா எங்கே என்று தேடினார். மறு வருடம் கடையில் உறைந்த சமோசா வாங்கிக்கொண்டு போய்விட்டேன். என் மனைவி இதை இன்னும் மன்னிக்கவில்லை. சரி, விடுங்கள்.

2023-தான் நான் சொல்ல வந்தது. சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

அதற்குள் ஆட்டம் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. அதுதான் வினை. ஸ்டாஃபோர்டை 2021-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்து, ஜேரட் காஃபையும் பின்னால் வரும் டிராஃப்ட் இடங்களையும் வாங்கியிருந்தார்கள். போன மறு வருடமே ஸ்டாஃபோர்ட் அங்கே சூப்பர் பவுல் வென்றார். எங்களுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று 2023-இன் ஆறாவது இடமாக வந்து நின்றது. லயன்ஸ் அதை அரிசோனாவிடம் கொடுத்துப் பன்னிரண்டாவது இடத்துக்கு இறங்கி, ஜமீர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கை (பந்தை ஏந்தி ஓடுபவர்) எடுத்தது. ரன்னிங் பேக்குக்கு அவ்வளவு விலை கொடுக்கக் கூடாது என்பது இந்தக் காலத்து வேதவாக்கு. பதினெட்டாவது இடத்தில் ஜாக் கேம்ப்பெல் என்ற லைன்பேக்கர், தடுப்பாட்டக்காரர். அதற்கும் அதே வேதவாக்கு. அன்று இரவு தொலைக்காட்சியில் நிபுணர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். நானும் பிதுக்கினேன். அதோடு நிற்காமல் எக்செலில் ஓர் அட்டவணை போட்டு, முதல் சுற்று ரன்னிங் பேக்குகள் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கிறார்கள் என்று வரைபடம் எல்லாம் வைத்து, வெள்ளிக்கிழமை காலை அச்செடுத்துக்கொண்டு போனேன். பொறியாளர் புத்தி.

விஸ்கான்சின்காரருக்குக் கொண்டாட்டம். பரம எதிரியோடு சேர்ந்துகொண்டு, எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த கிழவரை நானே கேலி செய்தேன். அவர் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்தார். "இதில் அந்தப் பையன் ஓடுகிற வேகம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். இல்லை என்றேன். மடித்து, கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக் குப்பையில் போட்டார். பிறகு பந்தயம்: பருவம் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றை லயன்ஸ் ஜெயித்தால், நாங்கள் இருவரும் சொந்தக் காசில் கிப்ஸ் சட்டை வாங்கி ஒரு வாரம் அணிய வேண்டும். ஜெயிக்காவிட்டால் அவர் பாலாடைக்கட்டித் தொப்பியோடு லேத்தில் நிற்பார். (சூதாட்டத்தை ஊக்குவிக்கிறேன் என்று யாரும் புகார் செய்ய வேண்டாம். பணம் கைமாறவில்லை.) கடைசியாக லயன்ஸ் பிளேஆஃபில் ஜெயித்தது 1992 ஜனவரியில். நான் அப்போது ஊரில் டவுசர் போட்டுக்கொண்டிருந்தேன். தோற்க வாய்ப்பே இல்லாத பந்தயம் என்று நினைத்தேன்.

செப்டம்பரில் முதல் ஆட்டம் கான்சஸ் சிட்டியில், நடப்புச் சாம்பியன்களோடு. அந்த ஆண்டு டிராஃப்ட் நடந்த அதே ஊர். இரண்டாம் சுற்றில் எடுத்த பிரையன் பிராஞ்ச், தன் முதல் ஆட்டத்திலேயே மஹோம்ஸ் வீசிய பந்தை இடைமறித்து 50 கெஜம் ஓடி எதிரணியின் எல்லையைத் தொட்டு டச்டவுன் போட்டார். 21-20 என்று லயன்ஸ் ஜெயித்தது. அதே இரண்டாம் சுற்றில் வந்த சாம் லபோர்ட்டா 86 முறை பந்தைப் பிடித்து, முதல் ஆண்டு டைட் எண்ட்களில் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்கள்) அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கையைத் தொட்டார். கிப்ஸ் ஓடிய வேகத்துக்கு உண்மையிலேயே என் அட்டவணையில் கட்டம் இல்லை. பருவம் முடியும்போது 12 வெற்றி, 5 தோல்வி. ஜனவரி 14 அன்று டெட்ராய்டில் பிளேஆஃப். வந்தது யார்? ராம்ஸ் அணி, ஸ்டாஃபோர்டோடு! 24-23. ஒரே ஒரு புள்ளி. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் தெருவுக்கு வந்து பனியில் நின்று கத்தினார்கள். நானும் நின்றேன், செருப்பில்லாமல்.

அந்த வாரம் கிப்ஸ் சட்டையோடு அலுவலகம் போனேன். பந்தயத்தில் தோற்று இவ்வளவு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவன் வேறு யாரும் இருக்க முடியாது. விஸ்கான்சின்காரர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து சான் பிரான்சிஸ்கோவோடு ஆடி 31-34 என்று தோற்றது தனிக் கதை. பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னால் இருந்தோம். மூன்றாவது கால்பகுதியில் கை மாறும்போது பந்தை நழுவவிட்டது கிப்ஸ்தான். எதிரணியின் குவார்ட்டர்பேக் பிராக் பர்டி, 2022 டிராஃப்டில் 262 பேரில் கடைசியாக எடுக்கப்பட்டவர். மறுநாள் அம்மா தொலைபேசியில், "ஏன்ய்யா, குரல் கம்மியிருக்கிறதே, யாருக்கு என்ன?" என்றார். விளக்கினேன். "அந்தப் பையன் சாப்பிட்டானா?" என்று கேட்டார். கிப்ஸைத்தான் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

2024 டிராஃப்ட் டெட்ராய்டிலேயே நடந்தது. மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேர் வந்தார்கள் என்று கணக்கு. ஓய்வுபெற்றிருந்த பெரியவரை நான்தான் காரில் அழைத்துப் போனேன். கேம்பஸ் மார்ஷியஸ் சதுக்கத்தில் நிற்க இடமில்லை. லீக் தலைவர் மேடைக்கு வந்தால் ஊளையிடுவது எல்லா ஊரிலும் சம்பிரதாயம். எங்கள் ஊர்க்காரர்கள் அதையும் செய்தார்கள், இடையிடையே சம்பந்தமே இல்லாமல் "ஜேரட் காஃப்" என்று கோஷமும் போட்டார்கள். லயன்ஸ் 29-இலிருந்து 24-ஆவது இடத்துக்கு ஏறியதாக அறிவித்ததும் கூட்டம் ஒரு நிமிடம் அடங்கிப் போனது. பிறகு டெரியன் அர்னால்ட் என்று பெயர் வாசித்தார்கள். பெரியவர் தொப்பியைக் கழற்றி வீசினார். எழுபதை நெருங்கியவர் குதித்தார்.

"உங்களுக்கு அவனைத் தெரியுமா?" என்று காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன்.

"தெரியாது. இப்போதுதான் பெயரையே கேட்கிறேன்" என்றார். "ஆனால் கெட்டிக்காரன்."

அந்தப் பருவத்தில் 15 வெற்றி, 2 தோல்வி. கோப்பை எங்களுக்குத்தான் என்று ஊரே முடிவு செய்திருந்தது. ஜனவரியில் சொந்த மைதானத்தில் வாஷிங்டனிடம் 31-45 என்று உதை வாங்கினோம். உதைத்தவர் ஜேடன் டேனியல்ஸ், முதல் வருடப் பையன். டெட்ராய்ட் மேடையில் இரண்டாவதாக வாசிக்கப்பட்ட பெயர் அவருடையது. அப்போது நாங்கள் இருவரும் ஹாட் டாக் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.