சின்ன சபையில் ஆண்டு முழுக்க ஊழியம்: கேள்வி பதில்

எங்கள் மெதடிஸ்ட் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு 50 பேர் வந்தால் அது பண்டிகை நாள் என்று அர்த்தம். அந்தச் சபையில் 22 ஆண்டுகளாக ஊழியப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. பண்டிகைக் கால வேலைகள், உதவி ஊழியங்கள் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: அக்கா, நாங்கள் 35 பேர்தான். அட்வெந்து முதல் பெந்தெகொஸ்தே வரை எதையும் விடாமல் நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ஒரு பெரிய தாளில் ஆண்டை வரைந்துகொள்ளுங்கள். நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறு அட்வெந்தின், அதாவது கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் காலத்தின், முதல் ஞாயிறு. அதிலிருந்து நான்கு ஞாயிறுகள், பிறகு கிறிஸ்துமஸ். சாம்பல் புதனில் லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம், தொடங்கும். ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாட்கள். ஈஸ்டரைச் சேர்த்து எண்ணினால் ஐம்பதாம் நாள், பரிசுத்த ஆவியானவர் வந்ததை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே. மெதடிஸ்டுகளுக்கு இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, நம்மைக் கடவுளுக்கு மீண்டும் ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனை, புத்தாண்டையொட்டி வரும். மற்றொன்று மே 24. 1738-இல் அந்த நாளில்தான் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தன் இருதயம் அனல்கொண்டதை உணர்ந்தார்.

தாளை நிரப்பியதும் பெரும்பாலானவற்றை அடித்துவிடுங்கள். ஒரு காலத்துக்கு ஒரே ஒரு கூடுதல் வேலை போதும். அட்வெந்தில் கேரல், லெந்தில் வீட்டுச் சந்திப்பு, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), அறுப்பின் பண்டிகையில் ஏழைகளுக்குப் பங்கு. மற்ற நாட்களுக்கு ஞாயிறு ஆராதனையே நிறைவானது. 35 பேரை வைத்துக்கொண்டு 300 பேர் சபையின் அட்டவணையை நடத்தினால் மூன்றாம் ஆண்டில் பாடகர் குழுவே இருக்காது.

இன்னொன்று. எந்த வேலைக்கும் ஒரே ஆளின் பெயரை எழுதாதீர்கள். பணம், சாவி, பிள்ளைகள் என எதுவானாலும் இரண்டு பெயர் வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் இடலாமா, கூடாதா?

பதில்: போதகர் ஐயாவைக் கேளுங்கள். அவர் சொல்வதே உங்கள் சபைக்கு முறை.

கேள்வி: சிஸ்டர், காணிக்கையை எங்கள் பொருளாளர் தனியாகத்தான் எண்ணுகிறார். தங்கமான மனிதர். இரண்டாவது ஆளைப் போட்டால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகாதா?

பதில்: அவர் தங்கமான மனிதர் என்பதற்காகவே போட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் போய்க்கொண்டிருந்த ஒரு சபையில் கிறிஸ்துமஸ் உதவிக்குச் சேர்த்த பணத்தில் ஒரு தொகை குறைந்தது. எண்ணியவர் ஒருவர் மட்டுமே. யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வந்தாலே பேச்சு நின்றது. லெந்து காலத்தில் அலமாரியைச் சுத்தம் செய்தபோது பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் அந்தக் கவர் கிடைத்தது. அதற்குள் அவர் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். நாங்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். மன்னித்தார், ஆனால் திரும்பி வரவில்லை. அன்று பக்கத்தில் இன்னொருவர் நின்று எண்ணிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் இன்றும் எங்களோடு இருந்திருப்பார். இரண்டாவது ஆள் முதல் ஆளுக்குப் பாதுகாப்பு. இதே வார்த்தைகளில் உங்கள் பொருளாளரிடம் சொல்லிப் பாருங்கள், நிச்சயம் புரிந்துகொள்வார்.

கேள்வி: எங்கள் சபையில் ஆட்கள் குறைவு. எல்லாவற்றையும் எப்படிச் செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு ஏழைக் குடும்பங்களுக்குத் துணி கொடுக்கிறோம். வீட்டில் கிடக்கும் பழைய துணிகளைச் சேர்த்துக் கொடுத்தால் போதுமா, ஆன்ட்டி?

பதில்: 1785 ஜனவரியில் வெஸ்லிக்கு 81 வயது. அந்தக் குளிர்காலத்தில் வழக்கமாக ஏழைகளுக்கு நிலக்கரியும் ரொட்டியும் கொடுப்பார்கள். இவர்களுக்கு உடுப்பும் வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியது. ஐந்து நாட்கள் லண்டன் தெருக்களில் நடந்து 200 பவுண்டு கேட்டு வாங்கினார். உருகும் பனி கணுக்கால் வரை கிடந்தது, காலை முதல் மாலை வரை கால்கள் நனைந்தபடி இருந்தன என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நமக்கு வேண்டாததைக் கழிப்பது வேறு, அடுத்தவருக்கு எது வேண்டும் என்று யோசித்து அதற்காக அலைவது வேறு. அந்தக் குடும்பங்களிடம் போய் என்ன அளவு, என்ன தேவை என்று கேளுங்கள். பிறகு பத்து வீட்டுக்குப் பதில் நான்கு வீட்டுக்குத்தான் கொடுக்க முடிந்தது என்றாலும் பரவாயில்லை. கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள்.

கேள்வி: நோயாளிகளை நேரில் போய்ப் பார்க்க எல்லாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. போனில் ஜெபித்தால் போதாதா?

பதில்: இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நோயுற்றவர்களைச் சந்திப்பது பற்றி வெஸ்லி ஒரு பிரசங்கமே செய்திருக்கிறார். 'சந்திப்பது' என்று வேதத்தில் வரும் சொல்லுக்குக் 'கண்ணால் பார்ப்பது' என்று பொருள், பக்கத்தில் இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்கிறார். ஆள் மூலம் உதவி அனுப்பினால் அது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். போகிறவருக்குக் கிடைக்க வேண்டிய கிருபை மட்டும் நமக்குக் கிடைக்காமல் போகும் என்பது அவர் வாதம்.

மெதடிஸ்டுகளிடம் வீட்டுச் சந்திப்பு எப்படி வந்தது தெரியுமா? கடனால் வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கட்டிய கூட்ட அறைக்குக் கடன் இருந்தது. 1742 பிப்ரவரியில் அதை அடைக்க வழி தேடியபோது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று இன்னொருவர் சொன்னார். அப்படியானால் மிக ஏழைகளான 11 பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நானே போடுகிறேன் என்றார் முதலாமவர். இப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்து, தலைவர்கள் வாரம்தோறும் வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில்தான் யார் வீட்டில் நோய், யார் வீட்டில் சண்டை, யார் சோர்ந்து கிடக்கிறார் என்று தெரியவந்தது. 'வகுப்புக் கூட்டம்' என்று மெதடிஸ்டுகள் சொல்லும் சிறு குழு பிறந்தது அப்படித்தான்.

ஆகவே 40 பேர் உள்ள சபைக்கு நான்கு சந்திப்பாளர்கள் இருந்தால் போதும், ஆளுக்குப் பத்துப் பேர். போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போங்கள். இருவராகப் போங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், நோயாளிக்குக் களைப்பாகிவிடும். நீங்கள் குறைவாகப் பேசுங்கள், அவர்களைப் பேச விடுங்கள். அந்த வீட்டில் கேட்டதை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வெளியே கொண்டுபோகாதீர்கள். அவர்களுடைய அனுமதி இல்லாமல் ஞாயிறன்று ஒலிபெருக்கியில் சொல்வது பாவம் என்றே நான் நினைக்கிறேன்.

போன் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நடக்க முடியாதவர்களுக்கும், இரண்டு சந்திப்புக்கு நடுவே வரும் நாட்களுக்கும் அது நல்ல துணை.

கேள்வி: அடுத்த ஆண்டு ஈஸ்டர் எந்தத் தேதி?

பதில்: காலண்டரைப் பாருங்கள்.

கேள்வி: சிஸ்டர், டிசம்பர் 31 வாட்ச் நைட் (விழிப்பு இரவு) ஆராதனையை மாலை 7 மணிக்கு மாற்ற வேண்டும் என்று எங்கள் சபையில் சிலர் சொல்கிறார்கள். நள்ளிரவு வெஸ்லி வைத்த முறை. அதை மாற்றலாமா?

பதில்: வெஸ்லி வைத்த முறை டிசம்பர் 31 அல்ல. பிரிஸ்டல் பக்கம் கிங்ஸ்வுட் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளிகள் அதிகம். அங்கே மனந்திரும்பிய சிலர் இரவில் கூடி நெடுநேரம் ஜெபித்து வந்தார்கள். அதை நிறுத்திவிடுங்கள் என்று வெஸ்லிக்குச் சிலர் ஆலோசனை சொன்னார்கள். ஆதிக் கிறிஸ்தவர்களும் இரவில் விழித்து ஜெபித்தார்களே என்று அவர் அதை நிறுத்தாமல், தானும் போய்ச் சேர்ந்துகொண்டார். அது மாதம் ஒரு முறை, பௌர்ணமிக்கு அருகில் வரும் வெள்ளிக்கிழமைகளில் நடந்தது. ஏன் பௌர்ணமி? தூரத்திலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் போகும் வழியில் நிலா வெளிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. ஆகவே நேரத்தை மாற்றுவதில் தவறில்லை.

அதே நபர்: அந்த ஆராதனை எத்தனை மணிக்கு முடிந்தது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: இரவு எட்டரைக்குத் தொடங்கி, நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முடிந்தது.

அதே நபர்: பார்த்தீர்களா! மாதம் எதுவானாலும் விழித்திருப்பதுதான் அதன் உயிர். ஏழு மணிக்கு எல்லாரும் விழித்துத்தான் இருக்கிறோம். அதற்கு ஏன் வாட்ச் நைட் என்று பெயர்?

பதில்: நீங்கள் சொல்வது சரி, ஏற்கிறேன். நேரத்தை மாற்றுவதில் தவறில்லை என்று நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

இன்னொருவர்: அக்கா, விட்டுக்கொடுக்காதீர்கள். என் அம்மாவுக்கு 78 வயது. போன ஆண்டு ஆராதனை முடிந்து வண்டி கிடைக்காமல் ஒன்றரை மணி வரை ஆலய வாசலில் உட்கார்ந்திருந்தார். இந்த ஆண்டு வரமாட்டேன் என்கிறார்.

ஓர் இளைஞர்: ஆன்ட்டி, எங்கள் வயதில் உள்ளவர்கள் ஆண்டில் ஆசையாக வருகிற ஒரே ஆராதனை அதுதான். ஏழு மணிக்கு வைத்தால் நண்பர்களோடு வேறு எங்காவது போய்விடுவார்கள்.

பதில்: தம்பி, உங்கள் வரியைப் படித்துவிட்டு அதற்கு மேலே உள்ளதையும் இன்னொரு முறை படியுங்கள். வாசலில் ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்த அந்தத் தாயைத் தாண்டித்தானே எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்? வெஸ்லி நள்ளிரவையும் விடவில்லை, வீடு திரும்பும் வழியையும் மறக்கவில்லை. இந்த வாதத்தில் இரண்டு பக்கமும் பாதிப் பாதி பிடித்திருக்கிறீர்கள்.

எங்கள் சபையில் இப்படிச் செய்கிறோம். ஆராதனை பத்தரைக்குத் தொடங்கி 12.15-க்கு முடியும். டிசம்பர் முதல் ஞாயிறன்றே, யாரை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று ஒரு தாள் ஆலயத்தில் தொங்கும். ஒவ்வொரு முதியவர் பெயருக்கும் எதிரே வண்டி உள்ள இருவர் பெயர். ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர். அதில் பாதிப் பேர் இளைஞர்கள். கடைசி ஆள் வீட்டுக்குள் போய் விளக்குப் போட்ட பிறகே பொறுப்பாளர் ஆலயத்தைப் பூட்டுகிறார். அப்படியும் வர முடியாதவர்களுக்கு ஆண்டின் முதல் ஞாயிறு காலை உடன்படிக்கை ஆராதனை இருக்கிறது. வெஸ்லி லண்டனில் நடத்திய முதல் உடன்படிக்கை ஆராதனையே 1755 ஆகஸ்டில்தான். சுமார் 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்தார்கள். ஆக, புத்தாண்டு இரவை விட்டவர் எதையும் இழந்துவிடவில்லை.

முதலில் கேட்டவர்: வண்டிப் பட்டியல் நல்ல யோசனை. அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன்.

பதில்: பேசுவதோடு முதல் பெயராக உங்கள் பெயரையும் எழுதுங்கள், பிரதர்.

கேள்வி: வி.பி.எஸ். நடத்த ஒரு ஆசிரியைதான் கிடைத்திருக்கிறார். பிள்ளைகள் 12 பேர். சமாளித்துவிடுவார் இல்லையா?

பதில்: சமாளிப்பார், ஆனாலும் கூடாது. பிள்ளைகள் இருக்கும் அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவர், கதவு திறந்தபடி. இரண்டாவது ஆள் பாடம் நடத்த வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் இந்த ஆண்டு வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

கேள்வி: ஆட்கள் இல்லாத சபையில் இவ்வளவு ஊழியமும் எப்படி…

பதில்: இதே கேள்வி இன்று ஆறாவது முறை. ஒரு காலத்துக்கு ஒரு வேலை, ஒரு வேலைக்கு இருவர். அப்புறம், மேடையிலிருந்து 'யாராவது வாருங்கள்' என்று அறிவிக்காதீர்கள், யாரும் வரமாட்டார்கள். ஒருவரிடம் தனியாகப் போய், பெயர் சொல்லி, என்ன வேலை, எத்தனை வாரம், எப்போது முடியும் என்று கேளுங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு 74 வயது. 30 ஆண்டுகள் ஞாயிறு பள்ளி எடுத்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பார்வையும் குறைந்துவிட்டது. இந்த ஆண்டு விட்டுவிடச் சொல்கிறார்கள். பயனற்றவளாகிவிட்டது போல இருக்கிறது. பழைய மாணவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அதைத்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்: அக்கா, நீங்கள் என்னைவிட மூத்தவர், அம்மா என்று கூப்பிடாதீர்கள். உடன்படிக்கை ஆராதனையில் ஆண்டுதோறும் நாம் சொல்லும் ஜெபத்தை நினைத்துப் பாருங்கள். உமக்காக என்னை வேலையில் அமர்த்தும் என்று சொன்ன அதே மூச்சில், உமக்காக என்னை ஒதுக்கியும் வையும் என்று கேட்கிறோம். முதல் பாதியை 30 ஆண்டுகள் செய்துவிட்டீர்கள். இரண்டாம் பாதியும் அதே உடன்படிக்கையில்தான் இருக்கிறது.

புதிதாக வருகிறவர் தனியாக நிற்கப் போகிறார். ஆறு மாதம் அவர் வகுப்பில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். எந்தப் பிள்ளை அதட்டினால் அழும், எந்தப் பிள்ளை பசியோடு வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதை அவருக்குச் சொல்லுங்கள். அந்த வகுப்புக்கும் இரண்டாவது பெரியவர் ஒருவர் கிடைத்துவிடுவார். அந்த நோட்டில் உள்ள பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி யாரையாவது கேளுங்கள். தினம் ஐந்து பேருக்காக ஜெபியுங்கள். அவர்களில் ஒருவரை வாரம் ஒரு முறை போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். உங்கள் குரல் கேட்டால் அவர்கள் எழுந்து நிற்பார்கள்.