கல்லுக்குக் கார்பன் கிடையாது: கேள்வி பதில்

கடலூரில் ஒரு கல்லூரியில் தொல்லியலும் சமண வரலாறும் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். போன ஞாயிறு முப்பது பேராக, புதுச்சேரிக்குப் பக்கத்தில் பழைய துறைமுக ஊர் இருந்த அரிக்கமேட்டுக்கு நடந்து போய் வந்தோம். வெயிலில் கேட்க முடியாமல் போனவர்கள் எழுதிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டீர்கள். பெயர் வேண்டாம் என்று சிலர் சொன்னதால் எல்லோருக்கும் ஊர்ப்பெயர்தான்.

வீராம்பட்டினம்: மேடம், மழை விட்டதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மேட்டில் மணி பொறுக்குவார்கள். என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. எந்தக் காலத்தது என்று சொல்வீர்களா?

கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சிவப்பும் பச்சையுமாக இருந்தால் அவை இழுத்துச் செய்த கண்ணாடி மணிகளாக இருக்கும். உருகிய கண்ணாடியை நீளமான குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடு காட்டி முனையை மழுக்குவார்கள். இந்தோ-பசிபிக் மணி என்று இதற்குப் பெயர். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தக் கைவேலை நம் காலம் வரைக்கும் நடந்து வந்திருக்கிறது. அப்படியானால் உங்கள் டப்பாவுக்கு என்ன வயது? டப்பாவில் வயது இல்லை தம்பி.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும். 1945-ல் மார்டிமர் வீலர் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் இங்கே தோண்டியபோது கார்பன் காலக்கணிப்பே கிடையாது. அவர் கையில் இருந்தது இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த பளபளப்பான சிவப்பு வட்டில்களின் உடைசல். அந்த வட்டில்கள் புழங்கிய காலம் ரோமானிய வரலாற்றிலிருந்து ஏற்கெனவே தெரியும். அந்த ஓடு கிடந்த மண்ணடுக்கிலேயே நம்மூர்ப் பானை ஓடுகளும் கிடந்தன. அப்படியானால் இவையும் ஏறக்குறைய அந்தக் காலம். இந்த ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி ஓடுகள் கிடைத்த கர்நாடகத்துப் பிரம்மகிரிக்கும் 1947-ல் காலம் போட்டார். அப்புறம் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற தொல்லியலாளர் மறுபடி தோண்டி, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்று காட்டினார். வீலரை அவர் திருத்த முடிந்ததே ஓடுகள் எந்த அடுக்கில் கிடந்தன என்று குறித்து வைத்திருந்ததால்தான்.

மண்ணிலிருந்து பொறுக்கினால் ஒரு பொருள் கைக்கு வரும், இன்னொரு பொருள் போய்விடும். இதை வகுப்பில் இருபது வருடம் சொன்னேன், இங்கேயும் சொல்லிக்கொண்டே இருப்பேன். இன்னொன்று: 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத இப்படிப்பட்ட பொருள் தொல்பொருள். அதை விலை பேசாதீர்கள்.

லாஸ்பேட்டை: எங்கள் குலதெய்வக் கோயிலில் பழைய கற்சிலை இருக்கிறது. கார்பன் டேட்டிங் செய்ய எவ்வளவு ஆகும்?

எவ்வளவு கொடுத்தாலும் ஆகாது. கார்பன்-14 உயிரோடு இருந்தவற்றுக்குத்தான்: கரி, எலும்பு, நெல், மரம். உயிர் போன நாளிலிருந்து அது குறைந்துகொண்டே வரும், 5,730 ஆண்டில் பாதியாகும். சுமார் 50,000 ஆண்டு தாண்டினால் அளக்க மிச்சம் இருக்காது. கல் எந்நாளும் மூச்சு விட்டதில்லை. சிலையின் காலத்தை அதன் பாணியும் பக்கத்தில் எழுத்து இருந்தால் அந்த எழுத்தும் சொல்லும்.

நெய்வேலி: திருவக்கரை கல்மரத்துக்கு இரண்டு கோடி வருடம் என்கிறார்கள். அது மரம்தானே, அதற்காவது கார்பன் பார்க்கலாமா?

50,000 என்று இப்போதுதான் சொன்னேன். அதோடு, அந்த மரத்தில் இப்போது மரம் இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த அடிமரங்கள் அவை. அதனால்தான் வேரும் கிளையும் காணோம். நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து உறைந்துவிட்டது. வயது தெரிவது அவற்றைச் சுமக்கும் கடலூர் மணற்பாறையிலிருந்து. 1781-லேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். அதற்கு முன்பு ஊரில் இவை வக்கிராசுரனின் எலும்பு. சிரிக்காதீர்கள். இந்தக் கல் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடித்த பாட்டி யாரோ, அவளுக்கு நான் பாதி மதிப்பெண் போடுவேன்.

பண்ருட்டி: மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?

உங்கள் சித்தப்பா பிள்ளைகள் ஏன் இன்னும் இருக்கிறார்கள்? தாத்தா ஒருவர், கிளை இரண்டு. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான தாத்தா சுமார் 60, 70 லட்சம் ஆண்டுக்கு முன்னால்.

ரெட்டியார்பாளையம்: டிஎன்ஏ பரிசோதனையில் எங்கள் சாதி கலப்பில்லாதது என்று நிரூபிக்க முடியுமா?

முடியாது. அடுத்தது.

தவளக்குப்பம்: குமரிக்கண்டத்தை அறிவியல் ஒப்புக்கொண்டதா?

1864-ல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கர் லெமூர்கள் கடலைத் தாண்டியது எப்படி என்று யோசித்து நடுவில் ஒரு நிலத்தைப் போட்டு லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அந்த நிலத்துக்கு வேலை போய்விட்டது. கடல்கோள் பற்றிய நம் பழைய பேச்சு இலக்கிய விஷயம், அதைத் தமிழாசிரியரிடம் கேளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: எங்கள் ஊர்ச் சமணப் பள்ளியைப் பல்லவ மன்னன் இடித்தது உண்மையா?

இங்கே பெரிய பள்ளி இருந்தது உறுதி. லோகவிபாகம் என்ற சமண நூல், சக வருடம் 380-ல், அதாவது கி.பி. 458-ல், பாடலியில், அதாவது இந்த ஊரில், சர்வநந்தி எழுதியதைச் சொல்கிறது. அப்பர் தருமசேனர் என்ற பெயரில் சமணராக இருந்ததாகச் சொல்வதும் இங்கேதான். இடித்த கதையைச் சொல்வது பெரியபுராணம். அது 12-ஆம் நூற்றாண்டு நூல், நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது 7-ஆம் நூற்றாண்டில். நடுவே ஐந்நூறு வருடம். பக்தியை அளக்க அதைப் படிக்கலாம், செங்கல்லை எண்ண அது போதாது.

திண்டிவனம்: அம்மா, நான் நயினார், அதாவது தமிழ்ச் சமணர், வீட்டுப் பிள்ளை. என் கொள்ளுப்பாட்டி கடைசியில் சல்லேகனை இருந்து, அதாவது நோன்பாக உணவை விட்டு, போனார். நடையின்போது ஒருவர் அதைத் தற்கொலை என்றார். மனசு கஷ்டமாகிவிட்டது.

நானும் கேட்டேன். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றுக்குப் போயிருப்பீர்கள், 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில். அங்கே ஒரு கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து முடிந்ததைச் சொல்கிறது. தமிழ் எழுத்தின் வரலாறு படிக்கிறவர்கள் அதில் ஐகார எழுத்தைப் பார்க்கப் போவார்கள். நான் போவது அந்த 57 என்ற எண்ணுக்காக. யாரோ கூடவே உட்கார்ந்து நாளை எண்ணியிருக்கிறார்கள்.

சமண நூல்கள் இதற்குப் போடும் வேலி கடுமையானது. தப்ப முடியாத ஆபத்து, பஞ்சம், முதுமை, தீராத நோய், இவை வந்தால்தான். குற்றங்கள் ஐந்து: இன்னும் வாழ ஆசைப்படுவது, சீக்கிரம் சாக ஆசைப்படுவது, நண்பர்களை நினைத்து ஏங்குவது, அனுபவித்த சுகத்தை நினைப்பது, மறுபிறவிக்குப் பலன் கேட்பது. சாக ஆசைப்படுவதே குற்றம் என்று எழுதி வைத்திருக்கும் ஒன்றைத் தற்கொலை என்ற சொல்லுக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

முத்தியால்பேட்டை: சொன்னது நான்தான், மருத்துவராகச் சொன்னேன். உயிர் பிழைக்கத்தான் பார்க்கும், அதுதான் பரிணாமம். உண்ணாமல் சாவது இயற்கைக்கு எதிர், அதனால் தவறு.

டாக்டர், இதில் இரண்டு தப்பு. ஒன்று உயிரியல். தேனீ கொட்டிவிட்டுச் சாகிறது. இரண்டு சகோதரருக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரருக்காகவோ உயிரைக் கொடுப்பேன் என்று ஹால்டேன் என்ற உயிரியலாளர் வேடிக்கையாகச் சொன்னதாகக் கதை உண்டு. அந்தக் கணக்கை 1964-ல் ஹாமில்டன் என்ற இன்னொரு உயிரியலாளர் முறையாகப் போட்டார். நம் மரபணு உறவினரிடமும் இருப்பதால் தன்னைக் கொடுப்பதும் பரிணாமத்துக்குள் அடங்கும். இரண்டாவது தப்பு பெரிது: ஒன்று எப்படி வந்தது என்பது உயிரியலின் கேள்வி, செய்யலாமா என்பது அறத்தின் கேள்வி. சிலையைக் கார்பனிடம் கேட்பது மாதிரிதான் இதுவும்.

முத்தியால்பேட்டை: சரி, இயற்கையை விட்டுவிடுகிறேன். வார்டில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். வயதான விதவை அம்மாக்கள், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்று சோற்றைத் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு யார் வேலி போடுவது?

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனையைத் தடை செய்ததும், அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் இந்த முடிச்சில்தான். பாரம் என்று நினைக்க வைத்த வீட்டில் நடப்பதைச் சல்லேகனை என்று சொன்னால் அந்த ஐந்து குற்றங்களை எழுதியவர்களே ஒப்ப மாட்டார்கள்.

திண்டிவனம்: என் கொள்ளுப்பாட்டி பாரமாக இல்லை டாக்டர். கடைசி நாள் வரை எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

முத்தியால்பேட்டை: அப்படியென்றால் நான் அவரைச் சொல்லவில்லை தம்பி. நடையில் பேசியது முரட்டுத்தனம்தான்.

மஞ்சக்குப்பம்: வடக்கிருத்தல் சமணர் வழக்கம்தானே? கோப்பெருஞ்சோழன் சமணனா?

வடக்கே பார்த்து உட்கார்ந்து உண்ணாமல் உயிர் விடுவது வடக்கிருத்தல். சொல் ஒன்று, செயல் இரண்டு. சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிப் போரில் புறப்புண் பட்டு நாணி வடக்கிருந்தான். கோப்பெருஞ்சோழன் தன் பிள்ளைகளோடு பகைத்து வடக்கிருந்தான். மானம் போனது துறவியின் காரணம் இல்லை, வீரனின் காரணம். வடக்கே பார்த்து உட்கார்ந்தவரெல்லாம் சமணர் என்றால் நம் பள்ளிக்கூடங்களில் பாதி வகுப்பு சமணம்தான்.

அரியாங்குப்பம்: திருநாதர்குன்றுக் கல்வெட்டுக்குக் கார்பன் டேட்டிங் செய்துவிட்டார்களா?

லாஸ்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நெல்லித்தோப்பு: முதுமக்கள் தாழிக்குக் கார்பன் டேட்டிங் செய்யலாமா? தாழி கல் இல்லையே மேடம்.

பரவாயில்லை, இது நல்ல கேள்வி. சுட்ட மண்ணுக்கு முடியாது, அதற்கு வெப்ப ஒளிர்வு என்று வேறு முறை இருக்கிறது. உள்ளே எலும்போ நெல்லோ இருந்தால் அவற்றுக்குக் கார்பன் பார்க்கலாம். அதனால்தான் உங்கள் நிலத்தில் தாழி தட்டுப்பட்டால் உள்ளே கையை விடாதீர்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கீழே வையுங்கள்.

வீராம்பட்டினம்: மேடம், மறுபடி நான்தான். எல்லாம் படித்தேன். இப்போது இந்த டப்பாவை என்ன செய்ய?

திருப்பி மேட்டில் கொட்டிவிடாதீர்கள், அது இரண்டாவது தப்பு. பொறுக்கிய பிள்ளைகளை உட்கார வைத்து, எந்தத் தோப்பு, ஆற்றங்கரையா மேலா, எந்த வருட மழை என்று ஞாபகம் இருப்பதை எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு புதுச்சேரி அருங்காட்சியகத்தில் கொடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வரும் செவ்வாய் நானும் வருகிறேன். அதுவரை மணிகளைக் கழுவாதீர்கள்.