எந்தக் கமாண்டோ பெரியது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போர் பற்றிய உங்கள் பதிவைப் படித்த பிறகு, பிரிட்டிஷ் கடற்படையின் தரைப் போர் வீரர்களான ராயல் மரீன்ஸ் பற்றி இணையத்தில் தேட ஆரம்பித்தேன். 40 கமாண்டோ, 42, 43, 45, 47 என்று ஏகப்பட்ட எண்கள், நடுவில் சில எண்களைக் காணவில்லை. எல்லாமே உயர்தரப் படை என்கிறார்கள். இவற்றில் உண்மையிலேயே சிறந்தது எது? எஸ்.பி.எஸ். என்ற சிறப்புப் படகுப் பிரிவுதான் உச்சம், மற்றவர்கள் படகில் போகும் காலாட்படைதான் என்று என் அக்கா மகன் அடித்துச் சொல்கிறான். அப்புறம், இவ்வளவு பேர்பெற்ற படையில் சமையல்காரர், கணக்கர், பேண்டு வாசிப்பவர் எல்லாம் இருக்கிறார்களாமே, அவர்களுக்கும் அதே பச்சைத் தொப்பிதானா?

கா., திருச்சி

அன்புள்ள கா.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றவற்றுக்கும் பாதி விடை அதில் இருக்கிறது. ராயல் மரீன்ஸில் சமைப்பவரும் கணக்கு எழுதுபவரும் வண்டி ஓட்டுபவரும் முதலில் டெவனில் உள்ள லிம்ப்ஸ்டன் பயிற்சி மையத்தில் எல்லோரையும் போலக் கமாண்டோ தேர்வுகளை முடித்தாக வேண்டும், தொழில் கற்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கடைசித் தேர்வில் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 48 கிலோமீட்டர் தூரத்தை முதுகில் சுமையும் கையில் துப்பாக்கியுமாக 8 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். அதிகாரியாகப் போகிறவருக்கு 7 மணி நேரம்தான் கொடுப்பார்கள். பதவி உயர உயரச் சலுகை கூடுவதைத்தான் நாம் எங்கும் பார்க்கிறோம், இங்கே அது தலைகீழ். இந்த ஒரு விதிக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. தரைப்படையிலிருந்து வந்து இவர்களோடு சேரும் பீரங்கிப் படையினருக்கும் பொறியாளர்களுக்கும் தனியாக ஒரு கமாண்டோ பயிற்சி இருக்கிறது, அதில் தேறினால்தான் பச்சைத் தொப்பி.

பேண்டு குழுவினருக்கு அந்தத் தேர்வு கிடையாது, தொப்பியும் வேறு. ஆனால் போர் வந்தால் அவர்கள் வாத்தியத்தை வைத்துவிட்டுக் காயம்பட்டவர்களைத் தூக்கவும் மருத்துவ உதவி செய்யவும் போகிறார்கள். 1982-ல் கேன்பரா என்ற பயணிகள் கப்பலில் அதைத்தான் செய்தார்கள். 1989 செப்டம்பரில் டீல் நகரில் இருந்த அவர்களுடைய இசைப்பள்ளியில் ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்து 11 பேர் இறந்தார்கள்.

சரி, எண்களுக்கு வருவோம். 40 கமாண்டோ என்பது தரைப்படையின் ஒரு பட்டாலியன் அளவுள்ள, சில நூறு பேர் கொண்ட பிரிவு. இரண்டாம் உலகப்போரில் ராயல் மரீன்ஸுக்கு 40 முதல் 48 வரை கமாண்டோ பிரிவுகள் இருந்தன, போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றைக் கலைத்துவிட்டு 40, 42, 45 மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பழைய எண்கள் சிலவற்றைப் பிற்காலத்தில் வேறு வேலை செய்யும் பிரிவுகளுக்குக் கொடுத்தார்கள். இன்றைய 43, ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் தளத்தில் அணு ஆயுத நீர்மூழ்கிகளைக் காவல் காக்கிறது. உளவு, தகவல் தொடர்பு எல்லாம் 30 கமாண்டோவின் பொறுப்பு. 42 இப்போது கடலில் கப்பல்களில் ஏறிச் சோதனை செய்வதில் தேர்ந்த பிரிவு, 2019 ஜூலையில் ஜிப்ரால்டர் அருகே கிரேஸ் 1 என்ற ஈரானிய எண்ணெய் ஏற்றிய கப்பலைப் பிடித்ததில் அவர்கள் இருந்தார்கள். 47-தான் படகுகளை ஓட்டும் பிரிவு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எஸ்.பி.எஸ். விஷயத்தில் உங்கள் அக்கா மகன் சொல்வதில் பாதி உண்மை. பூல் நகரில் இருக்கும் அந்தப் பிரிவில் பெரும்பாலும் மரீன்கள்தான் சேர்கிறார்கள், தேர்வும் மிகக் கடுமையானது. ஆனால் அது சிறப்புப் படைகளின் தலைமையகத்துக்குக் கட்டுப்பட்டது, மற்ற கமாண்டோ பிரிவுகளின் தலைமையின் கீழ் வராது. இரண்டுக்கும் வேலையே வேறு. ஒரு சிறு குழு இரவில் போய் ஒரு காரியத்தை முடித்துவிட்டுத் திரும்புவது ஒன்று, ஆயிரக்கணக்கானவர்களை எதிரியின் கரையில் இறக்கி, அவர்களுக்குச் சோறும் குண்டும் மருந்தும் நாள் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் ஈரூடகப் படை, அதாவது கடலிலிருந்து கரையில் இறங்கிப் போரிடும் படை, இருப்பதற்கே காரணம், என் பார்வையில் அதுதான் கடினமும்கூட.

1982 மே 21 விடியலுக்கு முன் ஃபாக்லாந்தின் சான் கார்லோஸ் கடற்கரைகளில், 40, 42, 45 மூன்றும் அடங்கிய 3 கமாண்டோ பிரிகேடை இறக்கினார்கள். சொந்த நாட்டிலிருந்து ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர் தூரம். எந்தக் கரையில் இறங்கலாம், எங்கே பாறை, எங்கே ஆழம் என்று சொல்ல ஒரு மரீன் அதிகாரி இருந்தார், ஈவன் சவுத்பி-டெய்லர். சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவுகளில் பணியாற்றியபோது கரையோரமாகவே பாய்மரப் படகில் சுற்றி நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்திருந்தவர். அந்தக் குறிப்புகள் என்ன மதிப்பு பெறும் என்று புரிய நம் 1971 வங்கதேசப் போர் அனுபவம் போதும். அந்த டிசம்பரில் காக்ஸ் பஜார் பக்கம் நம் கூர்க்கா வீரர்களைக் கப்பலிலிருந்து இறக்கியபோது கப்பல் மணல்திட்டில் நின்றது, திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஆழமான நீர். முதலில் இறங்கியவர்களில் சிலர் எதிரியின் ஒரு குண்டுகூடப் படாமல் மூழ்கி இறந்தார்கள். அவர்களிடம் துணிச்சலுக்குக் குறைவே இல்லை, அந்தக் கரையை அளந்து வைத்திருந்தவர்தான் இல்லை.

சான் கார்லோஸில் ஆட்களைக் கரை சேர்த்தது ஃபியர்லெஸ், இன்ட்ரெபிட் என்ற இரண்டு தரையிறக்கக் கப்பல்களின் படகுகள், ஒவ்வொன்றிலும் நான்கு பெரியவை, நான்கு சிறியவை. அவற்றில் ஃபாக்ஸ்ட்ராட் ஃபோர் என்ற படகை ஓட்டியவர் பிரையன் ஜான்ஸ்டன், அதிகாரிகூட இல்லை, கலர் சார்ஜென்ட். ஆன்டிலோப் போர்க்கப்பல் வெடிக்காத குண்டோடு எரிந்துகொண்டிருந்தபோது படகை அதன் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்தார். ஜூன் 8 அன்று அர்ஜென்டின விமானங்கள் அந்தப் படகைத் தாக்கின, அவரும் கூட இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். இன்று 47 கமாண்டோ செய்யும் வேலை இதுதான். உங்கள் அக்கா மகன் பார்க்கும் வீடியோக்களில் இந்தப் படகோட்டிகள் வருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கதை 45 கமாண்டோவின் நடை. மே 25-ல் அட்லான்டிக் கன்வேயர் சரக்குக் கப்பலை ஏவுகணை தாக்கியதில் அதிலிருந்த மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் போய்விட்டன, அதனால் சுமார் 36 கிலோ சுமையோடு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் சதுப்பு நிலத்தைக் காலால் கடந்தார்கள். பிறகு ஜூன் 11 இரவு 45 டூ சிஸ்டர்ஸ் மலையையும் 42 மவுண்ட் ஹாரியட்டையும் பிடித்தன. இந்த நேரத்தில் 40 கமாண்டோ எங்கே? பெரும்பகுதி நாட்கள் சான் கார்லோஸிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள், இறங்கிய கரையைக் காக்க. அவர்களுக்கு அதில் பெரிய வருத்தம். ஆனால் அந்தக் கரையில்தான் மொத்தப் படையின் சரக்கும் இருந்தது, அஜாக்ஸ் பே என்ற இடத்தில் பழைய இறைச்சிக் கூடத்தில் கள மருத்துவமனையும் இருந்தது. கட்டிடத்துக்குள் வெடிக்காத குண்டுகள் கிடக்க, ரிக் ஜாலி என்ற மருத்துவரின் குழு இரு தரப்பு வீரர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்தது. பின்னாளில் அவருக்கு பிரிட்டன், அர்ஜென்டினா இரண்டுமே விருது கொடுத்தன. 40 அங்கே நிற்காமல் எதிரி பின்னால் வந்து கரையைப் பிடித்திருந்தால் மலையேறியவர்களுக்குக் குண்டும் வந்திருக்காது, காயம்பட்டால் போக இடமும் இருந்திருக்காது. ஆகவே இவற்றில் சிறந்தது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, சொல்லவும் மாட்டேன்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. 1981-ல் செலவைக் குறைக்க வேண்டும் என்று ஃபியர்லெஸ், இன்ட்ரெபிட் இரண்டையுமே ஓய்வுக்கு அனுப்பத் திட்டமிட்டார்கள். அடுத்த ஆண்டு போர் வந்தபோது படையிலிருந்து நீக்கும் கட்டத்தில் நின்ற இன்ட்ரெபிட்டை அவசர அவசரமாகத் தயார்செய்து அனுப்ப வேண்டி வந்தது. அவற்றின் இடத்துக்கு வந்த ஆல்பியன், புல்வார்க் இரண்டையும் நீக்கப்போவதாக 2024 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு அறிவித்துவிட்டது. ஹெலிகாப்டர்களில் ஆளிறக்கும் ஓஷன் கப்பலை 2018-லேயே பிரேசிலுக்கு விற்றாயிற்று. சிறு குழுக்களாகப் போய்த் தாக்குவதுதான் இனி எதிர்காலம், பெரிய தரையிறக்கம் எல்லாம் ஏவுகணைக் காலத்தில் நடக்காது என்பது அவர்கள் தரப்பு வாதம். அதில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முடிவு தவறு என்றுதான் நினைக்கிறேன். மிச்சமிருக்கும் மூன்று பே வகைக் கப்பல்கள் முதல் அலைக்குப் பின்னால் ஆளும் சரக்கும் கொண்டுவரக் கட்டியவை. முதல் அலையையே இறக்கி, அங்கிருந்தே ஒரு பிரிகேடை நடத்தும் வசதி ஆல்பியன், புல்வார்க் இரண்டில்தான் இருந்தது. லிம்ப்ஸ்டனில் எத்தனை பேர் பச்சைத் தொப்பி வாங்கினாலும் அந்த வசதியைப் பயிற்சியால் உண்டாக்க முடியாது.